டாஹோ 5.3: என்ஜின் ஆயில் கூலர் லைன் கசிவு – புது லைனா, ஹோஸ் மட்டும் மாற்றுவதா, பைபாஸ் மூடியா?

மணல்பாதை (கேள்வி)

வண்டி 2005 செவ்ரோலே டாஹோ இசட்71, 5.3 லிட்டர் வி8, 4x4. ஷார்ஜாவில் இருக்கிறது. வார நாளில் நகர ஓட்டம், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வாரக் கடைசியில் பதாயர், மிலைஹா பக்கம் மணல், எப்போதாவது லிவா. டிரெய்லர் இழுப்பது இல்லை.

டிரைவர் பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு கூலர் லைன்களில் ஒன்று, ரப்பரும் உலோகக் குழாயும் சேரும் கிரிம்ப் இடத்தில் (உலோக வளையம் நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) நனைந்திருக்கிறது. நகர ஓட்டத்தில் ஈரம் மட்டும்தான். மணலில் ஒரு மணி நேரம் ஓடினால் ஸ்கிட் பிளேட் (என்ஜினுக்கு அடியில் காப்புத் தகடு) முழுக்க ஆயில், நிறுத்தியதும் சைலன்சர் பைப்பில் பட்டுப் புகை. முல்கியா (வண்டிப் பதிவு) புதுப்பிக்க வேண்டும், இந்த நிலையில் பாஸிங் (வண்டிப் பரிசோதனை) போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சனையாவில் (தொழிற்பேட்டையில்) மூன்று கடையில் மூன்று பதில். ஒருவர் புது லைன் செட் போடச் சொல்கிறார். இன்னொருவர் கிரிம்பை அறுத்து ஹைட்ராலிக் ஹோஸ் போட்டு கிளிப் அடித்துத் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர், "கூலரே வேண்டாம், இரண்டு ஓட்டையையும் அடைத்துவிடலாம், இந்த ஊரில் பாதி டாஹோவுக்குக் கூலரே கிடையாது" என்கிறார். எது சரி? அடைத்தால் மணலில் என்ஜின் தாங்குமா?

---

சனையா_ஸ்பானர்

தம்பி, முதலில் அந்த "அடைத்துவிடலாம்" என்ற பேச்சை நிறுத்திவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

இந்த என்ஜினில் கூலர் லைன் ஓரமாகப் பிரிந்து போகும் கிளை அல்ல. பம்ப் தள்ளும் ஆயில் பிளாக்கின் பின்பக்கத்தில் இறங்கி, ஆயில் பேனுக்குள் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இருக்கும் வழியாக ஃபில்டரையும் கூலர் அடாப்டரையும் கடந்துதான் மெயின் கேலரிக்கு (பேரிங்குகளுக்கு ஆயில் கொண்டுபோகும் முக்கிய வழி) திரும்புகிறது. போகும் லைனையும் வரும் லைனையும் தனித்தனியாகப் பிளக் அடித்தால் பேரிங்குக்குப் போகும் பாதையே அடைபட்டுவிடும். ஸ்டார்ட் செய்து சில விநாடியிலேயே லிஃப்டர் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம், அதற்குப் பிறகு கிராங்க் பேரிங். பைபாஸ் செய்வது என்றால் போகும் வழியையும் வரும் வழியையும் ஒன்றோடொன்று இணைப்பது. கடைக்காரர் வாயில் "அடைப்பது" என்றுதான் வரும். அவர் கை என்ன செய்கிறது என்பதை நீங்கள் நின்று பாருங்கள்.

கூலர் இல்லாமல் வந்த வண்டிகளில் அதே இடத்தில் ஜிஎம் (செவ்ரோலேயின் தாய்க் கம்பெனி) ஒரு சின்ன அலுமினிய மூடி போட்டிருக்கும், இரண்டு போல்ட், ஒரு கேஸ்கெட். அந்த மூடியைக் கையில் வாங்கியதும் திருப்பி உள்பக்கம் பாருங்கள். குழிவாக இருக்க வேண்டும், பேனில் தெரியும் இரண்டு துளைகளையும் அந்தக் குழி சேர்த்து மூட வேண்டும். ஆயில் ஒரு துளையில் வந்து, குழிக்குள் திரும்பி, மறு துளையில் போகும். தட்டையான தகட்டை வெட்டி, நான்கு ஓரமும் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து தருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். அதைப் போட்டால் என்ஜின் போச்சு.

இரண்டாவது, கசிவது உண்மையிலேயே அந்த லைன்தானா என்று உறுதி செய்யுங்கள். அதே பக்கத்தில் பவர் ஸ்டியரிங் ஹோஸும் கியர் பாக்ஸும் (ஸ்டியரிங் கியர்) இருக்கின்றன. இந்த 5.3-இல் ஆயில் பிரஷர் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருக்கிறது. அது கசிந்தால் பிளாக்கின் பின்பக்கம் வழியே இறங்கி, ரியர் மெயின் சீல் (கிராங்கின் பின்முனை சீல்) கசிவது போலவே ஏமாற்றும். வலதுபக்க டேங்கிற்குப் போவது டிரான்ஸ்மிஷன் லைன், அதில் வருவது சிவப்பு. உங்கள் லைனில் வருவது கறுப்பாகவோ தேன் நிறமாகவோ இருக்க வேண்டும்.

டீகிரீஸர் அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கிரிம்ப், அடாப்டர் ஓரம், ஃபில்டர் கழுத்து, பிரஷர் சென்சார் அடி ஆகிய இடங்களில் டால்கம் பவுடர் தூவுங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு லிஃப்டில் ஏற்றுங்கள். காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், ஈர்ப்பு கீழே இழுக்கும், அதனால் நனைந்த இடங்களில் மிக உயரமும் மிக முன்பக்கமும் எதுவோ அதுதான் ஊற்று. அடாப்டர் கேஸ்கெட்தான் கசிகிறது என்றால் லைனை மாற்றத் தேவையே இல்லை, இரண்டு போல்ட் கழற்றி கேஸ்கெட் மட்டும் போட்டால் முடிந்தது.

கிரிம்ப் கசிவுதான் என்றால் காரணம் எளிது. ரப்பர் பல வருட சூட்டில் சுருங்கி இறுகிவிட்டது, அதைப் பிடித்திருக்கும் வளையம் அதே அளவில்தான் இருக்கிறது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போதும், மணலில் நாலாயிரம் ஆர்பிஎம்மில் பிடிக்கும்போதும் பிரஷர் நான்கு பாருக்கு மேல் போகும், அப்போது அந்த இடைவெளியில் தள்ளும். இது தானாக நிற்கும் கசிவு இல்லை. ஒருநாள் ரப்பர் கிரிம்பை விட்டு முழுசாகக் கழன்று வரும். மொத்தமே 6 குவார்ட், அதாவது 5.7 லிட்டர் ஆயில். ஓடும் என்ஜின் அதை வெளியே கொட்ட ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. பிரஷர் முள் விழுந்ததும் சாவியைத் திருப்ப வேண்டும், "அந்த மேட்டைத் தாண்டி நிறுத்தலாம்" என்று நினைத்தால் என்ஜின் மிஞ்சாது.

---

எச்2_வாடி

கூலர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு மட்டும் என் கருத்து.

குளோவ் பாக்ஸைத் திறந்தால் உள்ளே மூன்று எழுத்துக் குறியீடுகள் நிறைந்த ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் கேசி4 இருந்தால் என்ஜின் ஆயில் கூலர் கம்பெனியிலேயே வந்தது. இசட்82 இருந்தால் டிரெய்லர் பேக்கேஜ். கேசி4 இல்லாமலும் இதே 5.3 விற்பனையானது, அவையும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. ஆகவே சனையாக்காரர் "பாதி வண்டிக்குக் கிடையாது" என்றதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பாதி வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஷேக் ஸாயித் ரோட்டில் 120-இல் போகும்போது என்ஜினுக்குச் சுமை குறைவு, காற்று ஏராளம். மணலில் தலைகீழ். டயரில் 12 முதல் 15 பிஎஸ்ஐ, கியர் தாழ்வு, ஆர்பிஎம் மூவாயிரம் முதல் நாலாயிரத்து ஐந்நூறு, வேகம் முப்பது நாற்பது, வெளியே சூடு வேறு. ஆயிலில் சேரும் சூட்டைப் பேனின் மேற்பரப்பு மட்டும் வெளியேற்ற முடியாது. கூலண்ட் முள் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே ஆயில் அதைவிட இருபது முப்பது டிகிரி மேலே போய்விடும். டேஷ்போர்டில் அது தெரியாது. இந்த வண்டியில் ஆயில் டெம்பரேச்சர் முள் கிடையாது.

90 முதல் 120 டிகிரி வரை நல்ல ஆயிலுக்குக் கவலை இல்லை. 130-ஐத் தாண்டி நிலைத்து நின்றால் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். 150 பக்கம் போனால் வண்டியை நிறுத்தி ஆறவிட வேண்டும். பார்க்க எளிய வழி: மணல் ஓட்டம் முடித்து நிறுத்தியதுமே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஃபில்டர் டப்பாவின் கறுப்புப் பெயின்ட் அடித்த பகுதியில் காட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆயிலைவிடச் சில டிகிரி குறைவாகக் காட்டும், ஒப்பிட அது போதும். பளபள அலுமினியப் பேனில் காட்டினால் தப்பான எண் வரும்.

என் முடிவு: நகரத்துக்கு மட்டும் என்றால் மூடி போட்டுவிடலாம், தாராளமாக. மணலுக்குப் போகும் வண்டியில் கூலரைக் கழற்றுவதை நான் ஒப்ப மாட்டேன். மூடியைத் தற்காலிகமாகப் போட்டுப் பாஸிங் முடித்துவிட்டு, சீசன் தொடங்கும் முன் புது லைன் போடுவது நியாயமான நடுவழி. ஹம்மர் எச்2-இன் 6.0-க்கும் இதே கணக்குதான், அந்த வண்டி இன்னும் கனம்.

---

ஹோஸ்_கிரிம்ப்

"ஹைட்ராலிக் ஹோஸ் போட்டு கிளிப் அடிப்பது" பற்றி. இதில்தான் பணம் மிச்சப்படுத்தப் போய் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்காரர், "அண்ணே, இது 100 பாருக்கு மேல் தாங்கும் ஹோஸ், உன் என்ஜின் வெறும் ஐந்து பார்" என்பார். அவர் சொல்வது சரி, ஆனால் இங்கே பிரச்சினை பிரஷர் அல்ல, சூடு. சனையாவில் எல்லாக் கடையிலும் தொங்கும் 1எஸ்என், 2எஸ்என் ரக ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்தான். உங்கள் ஆயில் 120-இல் ஓடுகிறது, பக்கத்திலேயே எக்ஸாஸ்ட். இரண்டு கோடையில் உள்ரப்பர் விறைத்து, வளைத்தால் வெடிப்பு விடும், வெடித்த துணுக்குகள் ஆயிலோடு போகும். பெட்ரோல் ஹோஸும் கூடாது. கேட்க வேண்டியது என்ஜின் ஆயிலுக்கு என்று 150 டிகிரி அச்சிட்ட ஹோஸ். எஸ்ஏஇ 100ஆர்5 ரகத்தில் 150 வரை தாங்கும் வகைகள் கிடைக்கின்றன. ரகப் பெயரை மட்டும் நம்பாமல் ஹோஸ் மேல் அச்சிட்ட வெப்ப அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். உள்விட்டம் பழையதைவிடக் குறையக் கூடாது. மொத்த ஆயிலும் அதன் வழியாகத்தான் போகிறது.

அடுத்தது கிளிப். சாதாரண ஜூப்ளி கிளிப் கூலண்டுக்குச் சரி, அங்கே ஒரு பார் பிரஷர்தான். குழாயின் முனையில் வரம்பு (பீட்) இல்லாமல் மொழுக்கென்று இருந்தால், இரண்டு கிளிப் போட்டாலும் சூடான ஆயில் ஹோஸை வழுக்கித் தள்ளிவிடும். கிளிப் மேல் கிளிப் என்று பார்த்தாலே அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரியான வழி இரண்டு.

ஒன்று, பழைய உலோகக் குழாய்களை வைத்துக்கொண்டு ஹோஸை மட்டும் மாற்றிப் புது ஃபெரூல் (ஹோஸை நசுக்கிப் பிடிக்கும் உலோக வளையம்) போட்டு மெஷினில் கிரிம்ப் செய்வது. பழைய ஃபெரூலை நீளவாக்கில் மெல்லிய கட்டிங் டிஸ்கால் கீறி, ஸ்க்ரூடிரைவர் வைத்து விரித்து எடுக்க வேண்டும். டிஸ்க் அடியிலிருக்கும் முள் வரிசையை (பார்ப்) தொட்டுவிட்டால் அந்தக் கோடு வழியாகவே பிறகு கசியும். அந்த முனையை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அறுக்கும் முன் மறு முனைகளை அடைத்து, அறுத்த பிறகு பெட்ரோலோ பிரேக் கிளீனரோ ஊற்றி இரு திசையிலும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். உலோகத்தூள் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் அது பேரிங்கில்தான் போய் உட்காரும். கிரிம்ப் செய்தபின் கடைக்காரர் வெர்னியர் வைத்து விட்டத்தை அளக்கிறாரா பாருங்கள். ஹோஸ் கம்பெனி கொடுக்கும் அளவுப் பட்டியல் உண்டு. கண்ணால் பார்த்து "நல்லா இறுகிடுச்சு" என்பவர் கடை வேண்டாம்.

குழாய் இரும்பா அலுமினியமா என்று முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். அலுமினியம் என்றால் கம்ப்ரஷன் ஃபிட்டிங் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஃபெரூல் இறுகும்போது குழாய் உள்வாங்கும், அதிர்வில் கழுத்தில் முறியும்.

இரண்டு, முழுக்க ஏஎன்-10 ஹோஸ் (முனைகளைத் திருகி மாட்டும் ரகம்), இரு முனையிலும் ஏஎன் அடாப்டர். நீண்ட நாளுக்கு இதுதான் சிறந்தது, ஏனென்றால் அடுத்த முறை எந்தப் பாகத்தையும் தனியாக மாற்றலாம். ஆனால் ஒரு பொறி உண்டு. ஏஎன்-10-இன் மரை 7/8-14. அதே 7/8-14 மரை 45 டிகிரி எஸ்ஏஇ ஃபிளேரிலும் (கூம்பாக விரிந்த முனை) வரும், ஓ-ரிங் வைக்கும் ஓஆர்பி-10-லும் வரும். மூன்றும் ஒன்றோடொன்று அழகாகத் திருகி ஏறும். ஏஎன்னும் அதேபோன்ற இன்னொரு ரகமான ஜேஐசியும் 37 டிகிரி. 37-ஐ 45-இல் இறுக்கினால் ஒரே ஒரு மெல்லிய வளையத்தில்தான் தொடும், குளிரில் கசியாது, சூடானதும் வடியும், இன்னும் இறுக்கினால் ஃபிளேர் வெடிக்கும். வாங்கும்போது முனையைப் பக்கவாட்டில் பிடித்துக் கோணத்தைப் பாருங்கள், பழைய ஃபிட்டிங்கோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். டெஃப்லான் டேப் 37 டிகிரி முனையில் எதற்கும் உதவாது, துணுக்கு பிய்ந்து ஆயிலில் போவதுதான் மிச்சம்.

பாதை போடும்போது: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 7 செ.மீ. தள்ளி. முடியாத இடத்தில் ஹீட் ஸ்லீவ். ஸ்டியரிங் ஷாஃப்ட் இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து இடைவெளி சரிபார்க்க வேண்டும். சேஸிஸில் 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் வைத்த பி-கிளிப் (ஹோஸைச் சேஸிஸோடு பிடிக்கும் கிளிப்). என்ஜினுக்கும் முதல் கிளிப்புக்கும் நடுவே தளர்வு விடுங்கள். கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் என்ஜின் மவுண்டில் சாயும், ஹோஸ் விறைப்பாக இருந்தால் அந்தச் சாய்வு முழுவதும் ஃபிட்டிங்கின் கழுத்தில் விழும். ஸ்டீல் பிரெய்டு ஹோஸ் அரம் போல அறுக்கும். அதோடு மணலும் சேர்ந்தால் ஏசி குழாயையே ஓட்டை போட்டுவிடும், அதனால் மேலே துணி உறையோ பழைய ரப்பர் ஹோஸோ போர்த்துங்கள்.

---

மணல்பாதை

எல்லாருக்கும் நன்றி. பவுடர் போட்டுப் பார்த்தாயிற்று: ஊற்று மேல் லைனின் கிரிம்ப் மட்டும்தான், அடாப்டர் ஓரம் காய்ந்திருக்கிறது. ஸ்டிக்கரில் கேசி4 இருக்கிறது. மணல் ஓட்டம் முடிந்து ஃபில்டரில் 118 டிகிரி காட்டியது.

பாஸிங்குக்கு மூடி, சீசனுக்கு முன் புது லைன் செட் என்று முடிவு. மூடி வாங்கிவிட்டேன், உள்பக்கம் குழிவாகத்தான் இருக்கிறது. இனி இரண்டு கேள்வி. வேலையின் வரிசை என்ன? ரேடியேட்டர் பக்கம் திறந்து கிடக்கும் இரண்டு வாயை என்ன செய்வது?

---

சனையா_ஸ்பானர்

118 என்பது கூலர் ஓடும்போது. மூடி போட்டபிறகு அதே மணலில் அதே எண்ணை எதிர்பார்க்காதீர்கள், மூடி இருக்கும்வரை தார் ரோடுதான்.

தேவை: 6 குவார்ட் ஆயில் (மேனுவலில் உள்ள 5W-30), ஃபில்டர், மூடி, புது கேஸ்கெட், மூடிக்குரிய போல்ட் இரண்டு, டிரெயின் பேன், சின்ன டார்க் ரெஞ்ச், ரேடியேட்டர் முனைக்கு இரண்டு ரப்பர் பிளக். பின்னால் புது லைன் போடும்போது ரிடெய்னிங் ரிங் (குழாயைப் பூட்டும் கம்பி வளையம்) இரண்டு.

என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள், கொதிக்கும்போது வேண்டாம். ஸ்கிட் பிளேட்டைக் கழற்றி, ஆயிலை இறக்கி, ஃபில்டரையும் கழற்றுங்கள். ஃபில்டர் போனால்தான் கைக்கு இடம் கிடைக்கும். அடாப்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மணலையும் பிசுக்கையும் பிரஷ் போட்டுக் கழுவிக் காற்றடித்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டினால் கழற்றும் நொடியில் மணல் துளைக்குள் விழும்.

இரண்டு போல்ட்டைக் கழற்றினால் லைன் பிளாக் கீழே வரும், அதோடு லைனிலும் கூலரிலும் தேங்கிய ஆயில் அரை லிட்டர் வரை ஊற்றும், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸ்கெட் பேனில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள், அதன் மேல் புதியது ஏறினால் கசிவு நிச்சயம். பேன் அலுமினியம், அதனால் ஸ்க்ரேப்பர் வேண்டாம், துணியும் பிரேக் கிளீனரும் போதும்.

சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட் போடாதீர்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து நேராக ஆயில் கேலரிக்குப் போகும்.

போல்ட் நீளத்தைக் கவனியுங்கள். லைன் பிளாக்கின் தடிமன் வேறு, மூடியின் தடிமன் வேறு. பழைய நீளப் போல்ட்டை மூடிக்குப் போட்டால் துளையின் அடியில் தட்டி நின்றுவிடும், ரெஞ்ச் டார்க் காட்டும், மூடி இறுகியிருக்காது. அதையே மேலும் முறுக்கினால் பேன் மரை போகும். முதலில் கையால் முழுக்க ஏற்றி, மூடி பேனோடு ஒட்டுகிறதா பார்த்துவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி 12 நியூட்டன் மீட்டர். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு நூல் கூடாது. டிரெயின் போல்ட்டுக்கு 25, ஃபில்டருக்கு 30 நியூட்டன் மீட்டர்.

ரேடியேட்டர் பக்கம்: கூலர் இடது டேங்கிற்குள் இருக்கிறது. பெரும்பாலும் குவிக் கனெக்ட் (திருகாமல் தள்ளிப் பூட்டும் இணைப்பு). பிளாஸ்டிக் மூடியைப் பின்னால் இழுத்தால் உள்ளே மெல்லிய கம்பி வளையம் தெரியும். வளைந்த முனை ஊசியால் ஒரு முனையைக் கொக்கி போட்டுச் சுற்றி எடுத்தால் குழாய் நேராக வெளியே வரும். வளையம் தெறித்துப் பறக்கும், ஒரு விரலை மேலே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் இரண்டு வாயையும் பிளக் போட்டு மூடிவிடுங்கள். பிரஷர் இல்லை, ஆனால் மணல் போனால் நாளைக்குப் புது லைன் போடும்போது அது முழுவதும் என்ஜினுக்குள் வரும்.

புது லைன் போடும் நாளில் அந்த வளையத்தைப் பழையதையே பயன்படுத்த வேண்டாம். புது வளையத்தின் ஒரு முனையை ஃபிட்டிங்கின் வெட்டில் மாட்டி, கையாலேயே சுற்றி உட்கார வையுங்கள், நேராக அழுத்தித் திணித்தால் வளையம் விரிந்துவிடும். உள்ளே எட்டிப்பார்த்தால் வளையத்தின் மூன்று காதுகளும் தெரிய வேண்டும். குழாய் முனையில் புது ஆயில் தடவி நேராகத் தள்ளுங்கள், கிளிக் என்று கேட்கும். பிறகு பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. கடைசியாகப் பிளாஸ்டிக் மூடி. அது ஃபிட்டிங்கோடு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் குழாய் உள்ளே பூட்டியிருக்கிறது என்று பொருள். குழாயில் மஞ்சள் பட்டை இருந்தால் அது வெளியே தெரியக்கூடாது. மூடி ஏறவில்லை என்றால் அதைப் பிளையரால் அமுக்காமல் குழாயைக் கழற்றி மறுபடி போடுங்கள். மூடியை உடைத்து எறிந்துவிட்டு ஓட்டும் வண்டிகளில்தான் லைன் நடுவழியில் கழன்று வருகிறது.

ஸ்டார்ட் செய்யும் முன்: புது ஃபில்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி நிரப்பிப் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்தபடி பத்து விநாடி கிராங்க் செய்யுங்கள். முழு மிதிப்பில் இந்த ஈசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும், என்ஜின் சுற்றும், பிடிக்காது. அந்தச் சுற்றில் பிரஷர் முள் அசைய வேண்டும். அசைந்த பிறகு காலை எடுத்து சாதாரணமாக ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகி ஐந்து விநாடிக்குள் பிரஷர் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்தவும். சூடான என்ஜினில் குறைந்தபட்சம் 1000 ஆர்பிஎம்மில் 6 பிஎஸ்ஐ, 2000-இல் 18, 4000-இல் 24 என்பது கம்பெனி அளவு. நல்ல என்ஜின் இதைவிட நன்றாகவே மேலே நிற்கும். மூடி போட்டபின் பழைய அளவைவிடப் பிரஷர் கொஞ்சம் கூடித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நீண்ட லைனின் தடை போய்விட்டது.

நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பாருங்கள். லைனிலும் கூலரிலும் நின்ற ஆயில் இப்போது இல்லை, எனவே 6 குவார்ட்டையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் ஐந்தரை ஊற்றிப் பார்த்து மேலே ஏற்றுங்கள்.

---

வாடி_ரிக்கவரி

நடு மணலில் லைன் வெடித்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் தேடி வருபவர்கள் பாதிப்பேர் அந்த நிலைமையில்தான் வருவார்கள்.

மூடி, கேஸ்கெட், இரண்டு போல்ட், 6 குவார்ட் ஆயில் நான்கையும் ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். கூலர் லைன் உள்ள எந்த ஜிஎம் வண்டிக்கும் இது கயிறு, ஷவல் மாதிரி அவசியம்.

மூடி இல்லை என்றால்: என்ஜின் பக்க அடாப்டரிலிருந்து வரும் இரண்டு உலோகக் குழாய்களையும் நல்ல பகுதியில் அறுத்து, இரண்டையும் ஒரே ஹோஸால் வளைத்து இணையுங்கள். ஆயில் போய்த் திரும்பி வரும் பாதை கிடைத்துவிடும். அறுக்க ஹேக்ஸா வேண்டாம், பைப் கட்டர் இருந்தால் நல்லது. ஹேக்ஸாதான் இருக்கிறது என்றால் முனையைக் கீழே சாய்த்து அறுத்து, துணியால் உள்ளே துடைத்துவிடுங்கள். குழாய் முனையை லேசாக விரித்து வரம்பு ஏற்படுத்திவிட்டு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்த் திசையில். வளைவு மடிந்து அடைபடக் கூடாது, அடைபட்டால் பிளக் அடித்த கதைதான்.

மேலே ஹோஸ்_கிரிம்ப் கிளிப் கூடாது என்றார், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இது தார் ரோடு வரைக்கும் வருவதற்கு மட்டும். 2000 ஆர்பிஎம்மைத் தாண்டாமல், ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி அடியில் பார்த்து, ஒரு கண் பிரஷர் முள்ளில் வைத்து ஓட்டுங்கள். ஆயில் குறைந்த நிலையில் சரிவில் சாய்ந்து நின்றால் பிக்கப் (பேனிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாய்) காற்றை உறிஞ்சும், முடிந்தவரை சமதளத்தில் வாருங்கள். ரோடு வந்ததும் ரிக்கவரி வண்டி.

இன்னொன்று. கொட்டிய ஆயிலை மணலில் விட்டுவிட்டு வராதீர்கள். நனைந்த மணலை ஷவலால் அள்ளி குப்பைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். அங்கே ஒட்டகம் மேய்கிறது.

---

ஹோஸ்_கிரிம்ப்

ஒன்று விட்டுப்போனது. லைனைக் கழற்றியிருக்கும்போதே கூலண்ட் ரிசர்வாயர் மூடியைத் திறந்து கூலண்ட்டைப் பாருங்கள். மேலே பழுப்பு நிறப் பிசுக்கு மிதந்தால் ரேடியேட்டர் டேங்கிற்குள் இருக்கும் கூலரே உள்ளுக்குள் ஓட்டை. ஓடும்போது ஆயில் பிரஷர் நாற்பது ஐம்பது பிஎஸ்ஐ, கூலண்ட் பதினைந்து சொச்சம், அதனால் ஆயில் கூலண்ட்டுக்குப் போகும். நிறுத்தியதும் ஆயில் பிரஷர் பூஜ்யம், கூலண்ட்டில் இன்னும் அழுத்தம் இருக்கிறது, இப்போது கூலண்ட் ஆயிலுக்கு வரும். அந்த நிலைமையில் லைன் மாற்றிப் பயன் இல்லை, ரேடியேட்டர் மாற்ற வேண்டும், கூலண்ட் பாதை முழுவதையும் டிடர்ஜென்ட் போட்டுக் கழுவ வேண்டும்.

லைன் கழன்றிருக்கும்போது சோதிப்பது சுலபம். ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்றுக் குழாய் மாட்டி 30 பிஎஸ்ஐ கொடுத்து கூலண்ட்டில் குமிழி வருகிறதா பாருங்கள்.

இதேபோல, என்ஜின் ஏற்கெனவே பேரிங் போய் ரீபில்ட் செய்த வண்டியாக இருந்தால் பழைய கூலரை நம்பாதீர்கள். உள்ளே தட்டுகளுக்கு இடையில் சிக்கிய உலோகத்தூள் கழுவினால் முழுசாக வராது.

---

மணல்பாதை

கூலண்ட் சுத்தமாக இருக்கிறது, 30 பிஎஸ்ஐ கொடுத்தும் குமிழி இல்லை. மூடி ஏற்றியாயிற்று, சூடானபின் 2000-இல் 42 பிஎஸ்ஐ, அடியில் காய்ந்திருக்கிறது. புது லைனுக்குப் பதிலாக ஏசி கண்டென்சருக்கு முன்னால் தனிக் காற்றுக் கூலர் வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்கிறார். அது இதைவிட மேலா?

---

எச்2_வாடி

மணலில் அதிக நேரம் முழுச் சுமையில் ஓட்டுபவருக்கு மேல்தான், ஆனால் சில நிபந்தனைகள். தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர் வேண்டும், இல்லையென்றால் ஜனவரி காலையில் ஆயில் சூடாகவே ஆகாது. ரேடியேட்டர் டேங்கிற்குள் இருக்கும் பழைய கூலர் காலையில் ஆயிலைச் சூடாக்கவும் உதவுகிறது, அந்த வசதி போய்விடும். அடாப்டருக்குள் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவே தடுப்புச் சுவர் இருக்க வேண்டும். சாதாரண மூடியில் இரண்டு ஓட்டை போட்டு ஃபிட்டிங் திருகித் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழிக்குள்ளேயே ஆயில் சுருக்குவழி போட்டுத் திரும்பிவிடும், கூலர் சும்மா தொங்கும்.

கண்டென்சரின் முழு முகத்தையும் மறைக்கும்படி வைத்தால் ஆகஸ்டில் ஏசி சொதப்பும். கீழ் மூலையில், அதுவும் முன் ஸ்கிட் பிளேட்டுக்குப் பின்னால் கல் படாத இடத்தில் வையுங்கள். மணல் மேட்டில் மூக்கு குத்தி இறங்கும்போது முதலில் அடி வாங்குவது அந்த இடம்தான். உங்கள் ஓட்டத்துக்கு, டிரெய்லரும் இல்லாத நிலையில், 118 டிகிரி காட்டிய கம்பெனிக் கூலரே போதும். புது லைன் செட்டைப் போட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை கிரிம்ப், அடாப்டர், குவிக் கனெக்ட் மூடி மூன்றையும் துடைத்துப் பாருங்கள். பி-கிளிப்புகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.